காய்ந்த தலை

என் மகளுக்குப் பதினாலு வயது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

“அம்மா, ஆண்டு விழாவுக்கு முன்னாடி முடியை ஸ்மூத்தனிங் பண்ணிக்கட்டுமா? எங்க கிளாஸ்ல நாலு பேர் பண்ணிட்டாங்க. அஞ்சாயிரம்தான்.”

அஞ்சாயிரம் எங்களுக்குப் பெரிய தொகைதான். ஆனால் என்னைத் தடுமாற வைத்தது தொகை இல்லை. “உன் முடிக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “காஞ்சுபோய்க் கெடக்குன்னு சொல்றாங்கம்மா.”

இதே வார்த்தையை நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

அப்போது ஆறாம் வகுப்பு. ஊருக்குள் இருக்கிற பள்ளிக்கூடம். காலைப் பிரார்த்தனை வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எங்களில் ஐந்து பேரைத் தனியாக வெளியே நிற்க வைத்தார். ஐந்து பேரும் சேரிப் பிள்ளைகள். “தலையைப் பாரு, வைக்கோல் மாதிரி காஞ்சு கெடக்கு. எண்ணெ வைக்கக்கூட வழியில்லையா உங்க தெருவுல?” என்றார். ‘உங்க வீட்டுல’ என்று சொல்லவில்லை, ‘உங்க தெருவுல’ என்றார். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தின் வில்லனுக்குப் பெயர் பரட்டை. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் எத்தனை முறை வந்ததோ தெரியாது, அந்தப் பெயர் என்மேல் ஒட்டிக்கொண்டது. பள்ளி முடிக்கும் வரை நான் பரட்டைதான்.

அன்று சாயங்காலம் கூலிக்குப் போய் வந்த அம்மா ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார். மறுநாள் என் தலையில் அத்தனையையும் ஊற்றித் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி அனுப்பினார். பத்து மணிக்குள் எண்ணெய் நெற்றியில் இறங்கிவிட்டது. புழுதி ஒட்டிக்கொண்டது. “எண்ணெ வழியுது, தள்ளி உக்காரு” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எண்ணெய் இல்லாவிட்டாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். அடுத்த குளியலில் முடி மறுபடியும் வைக்கோல் ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று அப்போது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் சாதிக்கே முடி இப்படித்தான் என்று நானே நம்பினேன்.

அது புரிந்தது 2001இல், டர்பனில். தென்னாப்பிரிக்காவில் ஐ.நா. நடத்திய இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் பல சென்றன. சாதியையும் அந்த மாநாடு பேச வேண்டும் என்று நாங்கள் கேட்டோம், அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு மறுத்தது. அந்த அரசியலைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று சொல்ல வருவது நான் தங்கியிருந்த அறையில் நடந்தது.

அறையில் என்னோடு தங்கியவர் அந்த நாட்டுக் கறுப்பினப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். நாள் முழுக்கக் கூட்டம், ஊர்வலம், கோஷம். ராத்திரி ஒன்பது மணிக்கு அறைக்கு வந்ததும் அவர் ஒரு பட்டர் ஃப்ரூட்டை வெட்டி, கிண்ணத்தில் போட்டு, முள்கரண்டியால் மசித்தார். கொஞ்சம் தேன், கொஞ்சம் எண்ணெய். சாப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை நன்றாக நனைத்துவிட்டு அதை முடியில் பூசினார். பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சுடுதண்ணீரில் பிழிந்த துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம்.

என் முடியைத் தொட்டுப் பார்த்தார். “உன் முடிக்குத் தாகம்” என்றார். எண்ணெய் வைக்கிறேனே என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவர் சிரித்தார். “எண்ணெய் தண்ணீர் ஆகுமா? முதலில் தண்ணீர் கொடு. எண்ணெய் பானைக்கு மூடி மாதிரி. காலிப் பானைக்கு மூடி எதற்கு?”

அன்று ராத்திரிதான் பென்சில் பற்றியும் சொன்னார். நிறவெறி ஆட்சி 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு மனிதரையும் வெள்ளையர், கலப்பினத்தவர், கறுப்பர் என்று பிரித்து எழுதியது. சந்தேகம் வந்தால் அதிகாரி ஒரு பென்சிலை எடுத்து முடிக்குள் செருகுவார். பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் இல்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பென்சிலில் இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓர் இனம், தங்கை ஓர் இனம் என்று பிரிந்துபோனவர்கள் உண்டு. அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது.

அவர் தன் பேனாவை எடுத்து என் முடிக்குள் செருகினார். அது விழவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தலையின் தோல் தானாகவே எண்ணெய்ப் பசை சுரக்கிறது. நேரான முடியில் அது வேர் முதல் நுனி வரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபடும். அதனால் வேர் பிசுபிசுப்பாகவும் நுனி காய்ந்தும் இருக்கும். முடியின் மேல்பக்கம் ஓட்டுக்கூரை மாதிரி மெல்லிய செதில்கள் அடுக்கியிருக்கும். அவை படிந்திருந்தால் உள்ளே ஈரம் தங்கும், முடி மினுங்கும். தூக்கிக்கொண்டால் ஈரம் போய்விடும், ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். சோப்பு காரம், அந்தச் செதில்களைத் தூக்கிவிடும்.

இப்போது எங்கள் தெருவுக்கு வாருங்கள். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அடிபைப்பு. உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் வெள்ளையாய் ஒரு கசடு உண்டாகும், அது முடிமேல் படிந்து திரிதிரியாக நிற்கும். தலைக்கு நாங்கள் போட்டதோ துணி துவைக்கிற சோப்பு. அலசுவதற்கு ஆளுக்கு ஒரு குடம், அவ்வளவுதான் கணக்கு. நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்குள் இருந்தது. நாங்கள் அதில் வாளி போட முடியாது. யாராவது மனது வைத்து ஊற்றினால் பிடித்து வரலாம், அதுவும் குடிக்க. தலைக்குக் குளிக்க நல்ல தண்ணீர் கேட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டீச்சர் கேட்டது எண்ணெயை. எங்களிடம் இல்லாமல் போனது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஏன் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் வீட்டுக்கு அந்தக் கிணற்றிலிருந்துதான் போகும். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவ்தார் குளத்தில் இறங்கி பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடிப்பதற்கே அப்படி ஒரு போராட்டம் வேண்டியிருந்த நாட்டில், முடி காய்ந்திருக்கிறது என்று ஒரு குழந்தையை வெளியே நிற்க வைப்பார்கள்.

நம் கதை மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் சாரா பிரீட்லவ் என்றொரு பெண். 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழு வயதில் அநாதை. பல வருஷம் அடுத்தவர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். ஏழைகள் வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம், தலைக்குக் குளிப்பதே அரிது. தலைத்தோலில் நோய் வந்து முடி கொட்டியது. நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்திருந்தவரின் சொந்தத் தலைக்குத் தண்ணீர் இல்லை. அவர்தான் பிறகு கறுப்பினப் பெண்களின் தலைக்கான களிம்பைத் தயாரித்து விற்று, மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் பெரிய தொழிலதிபர் ஆனார். ஊர் ஊராகப் போய் அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று, தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டேன். மேடையில் சுயமரியாதை பேசுகிறவள்தான். கேமரா முன்னால் பரட்டையாக உட்காரப் பயமாக இருந்தது. மருந்து பூசி இரும்பால் இழுக்கும்போது வந்த புகையில் கண்ணும் தொண்டையும் எரிந்தன. மூன்று மாதத்தில் முடி பாதியில் உடைய ஆரம்பித்தது. தோளுக்குக் கீழே இருந்தது காதுக்கு வந்துவிட்டது. விவாதத்தில் நான் என்ன பேசினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. “முடி நல்லா இருந்துச்சு தோழர்” என்று மூன்று பேர் சொன்னார்கள்.

அதன் பிறகுதான் டர்பன் அக்கா சொன்னதை ஒழுங்காகச் செய்து பார்த்தேன். பட்டர் ஃப்ரூட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, வாழைப்பழம் போட்டேன். கையால் மசித்த பழம் சுருளுக்குள் புகுந்து காய்ந்து, இரண்டு நாள் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. ஒரு போராட்ட மேடையில் தோழர் ஒருவர் என் தோளிலிருந்து எடுத்துக் காட்டி “என்னங்க இது?” என்றார். முட்டையைப் பூசிச் சுடுதண்ணீரில் அலசி, தலையில் முட்டைப் பொரியல் ஆனதும் உண்டு. எலுமிச்சையும் சமையல் சோடாவும் இருக்கிற ஈரத்தையும் எடுத்துவிடும், அவற்றைத் தொடாதீர்கள்.

கடைசியில் நிலைத்தது நம் கொல்லையில் இருந்ததுதான்.

இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ராத்திரி ஊறவையுங்கள். காலையில் பத்துப் பன்னிரண்டு செம்பருத்தி இலையோடு சேர்த்து நைசாக அரையுங்கள். கொழகொழவென்று வரும், அந்தக் கொழகொழப்புத்தான் ஈரத்தைப் பிடித்து வைத்து முடியை வழுக்க வைக்கிறது. பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்து வடிகட்டுங்கள். இதை மட்டும் விடாதீர்கள், விட்டால் என் வாழைப்பழக் கதைதான். வடித்ததில் இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப் பால் விட்டுக் கலக்குங்கள்.

முந்தின ராத்திரி முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். குளிப்பதற்கு முன்னால் தடவினால் தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தது அது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் அனுபவமும் அதேதான்.

காலையில் மென்மையான ஷாம்போ கொஞ்சமோ அரப்போ போட்டு அலசுங்கள். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே நான்கு பாகமாகப் பிரித்து, வடித்ததைப் பூசுங்கள். சீப்பு வேண்டாம், விரலால் சிக்கெடுங்கள். நுனியில் ஆரம்பித்து மேலே போங்கள். மேலிருந்து இழுத்தால் உடையும். பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன்மேல் சுடுதண்ணீரில் பிழிந்த துண்டு. அரைமணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வைத்திருப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். துண்டால் அடித்துத் துவட்டாமல், பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே நாலைந்து சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவுங்கள். அதுதான் பானைக்கு மூடி. வாரம் ஒரு முறை.

சுருள் கலையாமல் நிற்க ஆளி விதை. கால் டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், அடி பிடிக்காமல் கிளறுங்கள். முட்டை வெள்ளை மாதிரி வந்ததும் இறக்கிச் சூட்டோடு வடிகட்ட வேண்டும், ஆறினால் வடியாது. ஃபிரிஜ்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஃபிரிஜ் இல்லையென்றால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். வடிகஞ்சியும் நல்லதுதான், தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து எப்போதாவது. அடிக்கடி போட்டால் கஞ்சி போட்ட புடவை மாதிரி முடி விறைத்துக்கொள்ளும். வீட்டில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து வையுங்கள்.

இது முடியை வளர்க்காது, உடைந்ததை ஒட்டாது. அடுத்த குளியல் வரை ஈரத்தைக் காப்பாற்றும், உடைவதைக் குறைக்கும், அவ்வளவுதான். கொத்துக் கொத்தாகக் கொட்டினால் செம்பருத்தியை நம்பி உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும்.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். பென்சில் கதையை வாய் பிளந்து கேட்டாள். 2022இல் அமெரிக்காவில் வந்த ஆய்வையும் சொன்னேன். முடியை நேராக்கும் இரசாயனங்களை ஒரு போதும் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருபவர்கள் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்று அது கணக்கிட்டிருக்கிறது. இரசாயனம்தான் காரணம் என்று அது முடிவாகச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. பார்லரில் என் கண் எரிந்ததையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “உனக்கு இதெல்லாம் அரசியல்மா. எனக்கு தினமும் போற ஸ்கூல்.”

அவள் சொன்னது நியாயம். என் கொள்கையை அவள் தலையில் சுமக்க வைக்க எனக்கு உரிமை இல்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை கொடு, அப்புறமும் வேண்டும் என்றால் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு அவள் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். சுருள்கள் தனித்தனியாக, கறுப்பாக விழுந்திருந்தன. ஒரு சுருளை இழுத்து விட்டாள். அது துள்ளிக்கொண்டு மேலே போனது. மறுபடி இழுத்து விட்டாள். பார்லர் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. வாக்கு வாக்குதான்.

ஆனால் அன்று கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. “ஆயாவுக்குப் போட்டு விடட்டுமா?” என்று கேட்டாள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முடி முழுக்க நரை, எங்கள் இருவருக்கும் இருக்கிற அதே சுருட்டை. எனக்கு எதுக்கு, கட்டையில் போகிற வயதில் என்று முரண்டு பிடித்தவரை என் மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நனைத்தாள், பிரித்தாள், பூசினாள், பையைக் கட்டினாள். “அரைமணி நேரம் இப்படியே இரு ஆயா” என்றாள்.

அம்மாவால் இருக்க முடியவில்லை. கையை மடியில் வைத்தார், எடுத்தார். எழுந்து முறத்தைத் தேடினார். பக்கத்தில் கிடந்த வெங்காயத்தை உரிக்கப் போனார். தன் தலைக்காக அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்த பழக்கம் அவருக்கு வாழ்க்கையில் இல்லை. நடவு, களை, அறுப்பு, அதற்குப் பிறகு எங்கள் தலைகள். மகள் வெங்காயத்தைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நேரம் ஆனதும் குழாயைத் திறந்து, கப்பு கப்பாகத் தண்ணீர் ஊற்றி அலசினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“போதும் கண்ணு. இவ்ளோ தண்ணியா ஊத்துவாங்க ஒரு தலைக்கு?”